கண்ணிலாக் கீவா எக்கிளையது?
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற திங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு படத்தை என்முன் நீட்டினான். வெளிறிய உடல், முன்னே நீண்ட இரண்டு கைகள், அக்கைகள் முழுதும் பட்டுநூலைத் தொங்கவிட்டாற்போல அடர்ந்த மயிர். "ஐயா, இது நண்டா, இறாலா?" என்றான். "இடுக்கி இருக்கிறதே, நண்டுதான்" என்றேன். ஐயமின்றிச் சொன்னேன், சொன்னது பிழை. உயிரியல் ஆசிரியரிடமும் நூல்களிலும் கேட்டறிந்தபின் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் அப்பிழையை ஒப்புக்கொண்டேன். அவன் விடவில்லை. "நண்டும் இல்லை, இறாலும் இல்லை என்றால் அதை என்னவென்று அழைப்பது?" என்றான். அவ்வினாவே இன்று என்னை உங்கள்முன் நிறுத்தியிருக்கிறது. இலக்கணம் பேச வந்தவன் கடலில் இறங்கிவிட்டானே என்று எண்ணவேண்டா. இதுவும் பெயரும் பொருளும் பற்றிய செய்தியே.

2005ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமைதிப் பெருங்கடலின் தென்பகுதியில், ஈசுட்டர் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 1500 கிலோமீட்டர் தொலைவில், ஆல்வின் என்னும் நீர்மூழ்கி கீழிறங்கியது. மூவர் மட்டுமே அமரக்கூடிய சிறுகலம் அது. ஏறக்குறைய 2200 மீட்டர் ஆழத்தில், கடற்றரை பிளந்து வெந்நீர் ஊறும் இடத்தில், இம்மயிர்க்கை உயிரியைக் கண்டனர். ஞாயிற்றின் ஒளி ஒரு துளியும் சென்று சேராத இடம் அது. கண்டவை சில, மேலே கொணர்ந்தது ஒன்றே. நீளம் ஏறத்தாழப் பதினைந்து செண்டிமீட்டர். அதே ஆண்டின் இறுதியில் மாக்பெர்சன், சோன்சு, செகோன்சாக் என்னும் மூவரும் பாரிசு நகர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் அதனை விளக்கி, கீவா இர்சூட்டா எனப் பெயரிட்டனர். இர்சூட்டா என்பது இலத்தீன். மயிரடர்ந்தது என்பது பொருள். செய்தித்தாள்களோ பனிமலையில் உலவுவதாகக் கதைக்கப்படும் மயிர்மாந்தனின் பெயரை இதற்குச் சூட்டி, 'எட்டி நண்டு' என முழங்கின. என் நாவில் 'நண்டு' என்னும் சொல் அவ்வளவு விரைந்து வந்ததற்கு அதுவும் ஒரு கரணியம் போலும்.

ஏன் நண்டன்று? கால்களை எண்ணுங்கள். நண்டும் இறாலும் இதுவும் பத்துக்காலிகளே. நம் கழிமுகத்து நண்டுக்கு இடுக்கிக் கை இரண்டு போக, இருபுறமும் நந்நான்கு கால்கள் வெளித்தோன்றும். இதற்கோ மும்மூன்றே தோன்றும். நான்காவது எங்கே? இருக்கிறது, மிகச் சிறுத்து, உடலோடு ஒட்டி மறைந்திருக்கிறது. இக்கிளையில் அக்கடைசிக் கால் நடப்பதற்கு உரியதன்று. செவுளைத் துப்புரவு செய்வதற்கு உரியது. அடுத்து, வாலைப் பாருங்கள். நண்டின் வால் வயிற்றடியில் இறுக மடிந்து, மூடிபோல் பொருந்திவிடும். சிங்கி இறாலின் வாலோ பின்னோக்கி நேரே நீளும். இவ்வுயிரியின் வால் இரண்டுக்கும் இடைப்பட்டது. விசிறிபோன்ற நுனியோடு அகன்று, உடலின்கீழ்த் தளர மடிந்து கிடக்கும். ஆங்கிலத்தார் இக்கூட்டத்தைக் குந்தியிருக்கும் சிங்கி இறால் என்னும் பொருள்படச் சொல்வர். அவர் பெயரும் பொருந்தாதது. இவை இறாலை விடத் துறவி நண்டுக்கே நெருங்கிய உறவு. ஆக, செய்தித்தாள் நண்டென்றது. ஆங்கிலப் பொதுவழக்கு இறாலென்றது. இரண்டும் தோற்றத்தைப் பார்த்து வைத்த பெயர்களே.

இக்கூட்டத்தில் ஆயிரத்திற்கு மேற்பட்ட இனங்கள் உள. அவற்றுள் ஒன்றாக இதனையும் சேர்த்துவிடாமல், புதுப் பேரினம், அதற்கும் மேலே புதுக் குடும்பம் என்று வகுத்தது ஏன்? காண்பார் கண்ணைக் கவர்வது மயிர். ஆனால் மயிரை மட்டும் நம்பி அவர்கள் குடும்பம் வகுக்கவில்லை. ஓட்டின் அமைப்பு, மார்புத்தகட்டின் வடிவு, கடைசிக் கால் பொருந்தியிருக்கும் இடம், கண்ணின் நிலை ஆகியவற்றையெல்லாம் ஒப்பிட்டு, மரபணுச் சான்றையும் உடன்வைத்தே முடிவு கண்டனர். மயிரை நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைப் பின்வந்த உறவுகள் காட்டின. தென்கடலில் கண்டெடுத்து 2015இல் கீவா தைலெரி எனப் பெயரிடப்பட்ட இனத்துக்கு மயிர் மிகுதியும் மார்பின் அடிப்புறத்தில். கோசுட்டாரிக்கா நாட்டுக் கடலில் குளிர்ந்த ஊற்றருகே கண்டு 2011இல் விளக்கப்பட்ட கீவா புரவிடாவோ தன் கைகளைத் தாளந்தவறாமல் அசைக்கிறது. மயிரில் வளரும் நுண்ணுயிர்களுக்கு அவ்வசைவால் உயிர்வளியும் ஊட்டமும் கிட்டுகின்றன. பின் வாயருகே உள்ள சீப்பனைய உறுப்பால் அவற்றை வாரி உண்கிறது. தன் கையிலேயே வேளாண்மை செய்யும் உயிர் இது!

கண்ணைப் பற்றி இங்கே ஒன்று சொல்லாமல் மேற்செல்ல என்னால் இயலாது. கீவா இர்சூட்டாவுக்குக் கண் இருக்கவேண்டிய இடத்தில் நிறமற்ற சிறு சவ்வே உள்ளது. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகுக்கும்போது நண்டை நான்கறிவு உயிர்களுள் வைத்தார். உடம்பு, நா, மூக்கு இவற்றோடு நான்காவதாகிய கண்ணும் அதற்கு உண்டு என்பது அதன் பொருள். அவ்வளவுகோலை அப்படியே இவ்வுயிரிமேல் வைத்தால், நண்டின் உறவாகிய இது ஓரறிவு குறைந்து எறும்போடு சேரும். சேர்க்கலாமா? கூடாது என்பேன். ஆசிரியர் ஒவ்வோர் அறிவுக்கும் சிலவற்றைப் பெயர்சொல்லிக் காட்டியபின், கிளைப்பிறப்பு என்னும் சொல்லால் அவ்வவற்றின் உறவையும் அங்கே அடக்குகிறார். கிளை என்பது சுற்றம். இன்று உயிரியலார் தேடுவதும் அச்சுற்றத்தையே. இதனால், தொல்காப்பியர் இக்கால உயிரியலை அன்றே எழுதிவிட்டார் என்று மேடையில் முழங்குவாரோடு நான் சேரமாட்டேன். அவர் வகுத்தது அறிவின் அளவு பற்றி. இவர்கள் வகுப்பது பிறப்பின் வழி பற்றி. அளவுகோல் இரண்டு. இரண்டையும் கலப்பது இரண்டுக்கும் இழுக்கு.

வகுத்தவர்களும் ஒருமுறையோடு நின்றாரில்லை. 2005இல் கீவாவின் புதுக்குடும்பத்தைக் கலாத்தியா வழி மேற்குடும்பத்தில் வைத்தனர். ஐந்தே ஆண்டில், 2010இல், அம்மேற்குடும்பமே திருத்தி வகுக்கப்பட்டது. கீவா அதனினின்று நீங்கி, கைரோசுட்டைலசு வழியாகிய மற்றொரு மேற்குடும்பத்தில் அமர்ந்தது. கலாத்தியா வழியைத் திருத்திய நால்வருள் ஒருவர் யார் தெரியுமா? கீவாவுக்குப் பெயர் வைத்த அதே மாக்பெர்சன். தாம் வைத்த இடத்தைத் தாமே முன்னின்று மாற்றிக்கொண்டார். வகுப்பில் ஒரு சிறு பிழையை ஒப்புக்கொள்ளவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இடத்தை மாற்றலாம், முறைப்படி இட்ட பெயரை எளிதில் மாற்ற இயலாது. கீவா என்பது பாலினேசியர் கதைகளில் சிப்பி முதலியவற்றுக்குரிய பெண்தெய்வம் என்று அவர்கள் விளக்கம் எழுதினர். மாவோரி மக்களின் மரபிலோ கீவா ஆண், கடலைக் காப்பவன். அமைதிப் பெருங்கடலையே அம்மக்கள் கீவாவின் பெருங்கடல் என்றுதான் அழைக்கின்றனர். ஒரு மக்களின் சொல்லை எடுப்போர் அம்மக்களின் வாயிலாகவே அதன் பொருளையும் கேட்டிருக்கலாம்.

இனி மாணவனின் வினா. உலகத்தார் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இட்ட முறைப்பெயரை நாம் தொடவேண்டா. கீவா கீவாவாகவே இருக்கட்டும். நாம் பேசவும் பாடநூலில் எழுதவும் இக்கூட்டத்துக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும். ஆங்கிலத்தைப் பெயர்த்துக் குந்திறால் என்றால் அவர் பிழையும் உடன்வரும். நண்டு என்றால் என் பிழை வரும். மடிந்த வாலைக் கொண்டு மடிவாலி என்று சொல்லிப் பார்த்தேன். கீவா இர்சூட்டா மயிர்க்கை மடிவாலி. தென்கடலில் உள்ளது மயிர்மார்பு மடிவாலி. மாணவனிடம் சொன்னேன். சற்றே எண்ணிப் பார்த்துவிட்டு, "நண்டுக்கும் வால் மடிந்துதானே ஐயா இருக்கிறது?" என்றான். இறுக மடிவதும் தளர மடிவதும் வேறு என்று விடை சொன்னேன். அவன் முழுதும் ஒப்பவில்லை. எனக்கும் அவ்விடை நிறைவளிக்கவில்லை.

கீவா நம் வலையில் வருவதன்று. ஆயினும் அதன் கூட்டத்துச் சிற்றுயிர்கள் ஆழ்கடல் இழுவலைகளில் மீனோடும் இறாலோடும் ஏறுவதுண்டு. கடற்கரை ஊர்களிலிருந்து வந்திருப்போர் இங்குப் பலர் இருக்கிறீர்கள். வலையை உதறும்போது அவற்றை உங்கள் ஊரார் ஏதேனும் ஒரு சொல்லால் சுட்டுவாராயின், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். அச்சொல்லை எழுதிக்கொண்டு, என் மடிவாலியை நானே விலக்கிக்கொள்கிறேன்.