மண் ஊதலுக்கு ஓர் அச்சு



என் கையில் இருப்பது ஒரு மண் ஊதல். குருவி வடிவம். வால் பக்கம் ஊதுகிறேன். கேட்டீர்களா? ஹரப்பாவில் மண்ணைத் தோண்டியபோதும் இதுபோன்ற பறவை ஊதல்கள் கிடைத்தன. அவை 4,000 ஆண்டுகளுக்கும் பழையவை.

பெங்களூரில், நம் பாட்டரி டவுனில், ஓர் அக்கா திருவிழாக் கடைக்கு 200 ஊதல் செய்ய ஒப்புக்கொண்டார். ஒவ்வொன்றாகக் கையால் பிடித்தால் நாள் போதாது. அதனால் பிளாஸ்டரில் அச்சு ஊற்றினார். தண்ணீரைக் கண் அளவாக விட்டார். தண்ணீர் கூடிவிட்டது. அச்சு உதிர்ந்து போனது. பணம் போனது. திருவிழாவும் போனது. முப்பது வருடம் சக்கரம் சுற்றிய கை அது! சரியான அளவு மூட்டையிலேயே அச்சிட்டிருந்தது. அப்போது அவருக்குப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொன்னதால்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, அச்சு எப்படிச் செய்வது?

முதலில் களிமண்ணில் குருவி செய்யுங்கள். உள்ளே கெட்டியாக இருக்கட்டும். மண் சுடும்போது சுருங்கும். அதனால் கொஞ்சம் பெரிதாகவே செய்யுங்கள். அதைக் களிமண் படுக்கையில் பாதி வரை புதையுங்கள். சுற்றிலும் பலகை வைத்து, இடுக்கை மண்ணால் அடையுங்கள்.

700 மில்லி தண்ணீருக்கு 1 கிலோ பிளாஸ்டர். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும். பிளாஸ்டரில் தண்ணீரைக் கொட்டக் கூடாது. இரண்டு நிமிடம் ஊறட்டும். குமிழி வராமல் மெல்லக் கலக்கி ஊற்றுங்கள். அரை மணியில் இறுகும். அப்போது சூடு வரும். அதற்குள் கையை வைத்திருக்காதீர்கள், வெந்துவிடும்.

பிறகு திருப்பிப் போட்டு, மண் படுக்கையை எடுங்கள். பிளாஸ்டர் ஓரத்தில் இரண்டு குழி தோண்டுங்கள். மறுபாதி அதில் சரியாகப் பொருந்தி உட்காரும். ஓரத்தில் சோப்புக் கரைசலை மூன்று தரம் பூசுங்கள். பூசாவிட்டால் இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளும். இப்போது மறுபாதியை ஊற்றுங்கள்.

இறுகியதும் பிரித்து, ஒரு வாரம் காய வையுங்கள். அச்சைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காய்ந்த அச்சின் இரண்டு பாதியிலும் மண்ணை அரை விரல் கனத்துக்கு அழுத்துங்கள். ஓரத்தைக் கீறி, களிக்குழம்பு தடவிச் சேருங்கள். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சும். மண் சுருங்கித் தானாகக் கழன்று வரும். பிளாஸ்டர் துணுக்கு மட்டும் மண்ணில் கலக்கக் கூடாது. கலந்தால் சுட்ட பிறகு அந்த இடம் வெடிக்கும்.

இப்போது குருவி வந்துவிட்டது. ஆனால் அது ஊமைக் குருவி. அச்சு உடம்பைத்தான் தரும், குரலைத் தராது. மண் காயும் முன் வாலில் தட்டைக் குச்சியால் ஒரு காற்று வழி குத்துங்கள். அது முடியும் இடத்தில், அடியில் சிறு சதுரத் துளை வெட்டுங்கள். துளையின் எதிர் ஓரத்தைக் கூராகச் சீவுங்கள். மூச்சு அந்தக் கூரில் பட்டுப் பிரியும்போதுதான் ஓசை பிறக்கும். ஊதிப் பார்த்துத் திருத்துங்கள். சூளைக்குப் போன பின் திருத்த முடியாது.

அந்த அக்கா இப்போது நம் வகுப்பில் படிக்கிறார். மறுமுறை மூட்டையை அவரே படித்தார். நோட்டில் எழுதினார்: "பிளாஸ்டர் 1 கிலோ, தண்ணீர் 700 மில்லி." நான் ஊதிய குருவி அந்த அச்சில் பிறந்ததுதான்.

உங்கள் கையில் தொழில் இருக்கிறது. அதன் அளவுகளை இன்றே எழுதி வையுங்கள். நாளை உங்கள் பிள்ளைகளும் படிப்பார்கள்.