தோளிலே ஒரு நூலகம்



செங்கற்பட்டிலிருந்து சென்னைக்கு நாள்தோறும் மின்சார ரயிலில் சென்று தமிழ் கற்பிக்கும் ஆசிரியன் நான். காலை வேளையில் அந்த வண்டியில் ஏறுவோர் ஒரு காட்சியைக் காணலாம். கல்லூரி மாணவர் பலருடைய முதுகிலும் ஒரு பை. பையினுள்ளே ஒரு மடிக்கணினி. செல்வர் வீட்டுப் பொருளாக இருந்த அந்தக் கருவி, 2011-ஆம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய பிறகு எளியவர் இல்லங்களிலும் புகுந்தது. கடன் பட்டு அதை வாங்கிக் கொடுத்த பெற்றோரும் பலர் உண்டு. ஆகவே, அதனைச் சுமந்து செல்லும் முறையைப் பற்றிப் பேசுவது அற்பமான விஷயம் அன்று.

1981-இல் ஆஸ்பர்ன் என்ற பெயரில் ஒரு கணினி விற்பனைக்கு வந்தது. எங்கும் தூக்கிச் செல்லக்கூடியது என்று அதனைப் புகழ்ந்தார்கள். அதன் எடை ஏறக்குறைய 11 கிலோ! தையல் இயந்திரத்தைத் தூக்குவதுபோல் கைப்பிடியைப் பற்றித் தூக்க வேண்டும். இன்றைய மடிக்கணினிகளில் பல 2 கிலோவுக்கும் குறைவானவை. சுமை குறைந்தது, கூடவே நம்முடைய ஜாக்கிரதையும் குறைந்துவிட்டது. இதை நான் பிறரைக் கண்டு சொல்லவில்லை. என் அநுபவத்தால் சொல்லுகிறேன்.

2014-ஆம் ஆண்டு. மதுராந்தகத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு விடுமுறைதோறும் சென்று, முதிய பெண்மணிகள் பாடும் தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் ஒலிப்பதிவு செய்து வந்தேன். பதிவுகளை மடிக்கணினியில் ஏற்றுவேன். பிறகு ஒலிப்பதிவுக் கருவியில் இடம் வேண்டுமென்று அதில் இருப்பதை அழித்துவிடுவேன். இரண்டாண்டு உழைப்பும் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தது.

ஒரு நாள் காலையில், நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில், கணினியை முறைப்படி அணைக்காமல் மூடியை மட்டும் மூடிப் பையில் வைத்தேன். மூடினால் அது உறங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. உள்ளே ஏதோ ஒரு வேலை முடியாமல் இருந்ததால் அது உறங்கவில்லை. வண்டியில் பையைத் தலைக்கு மேலிருந்த தட்டில் வைத்தேன். வண்டி திடீரென்று குலுங்கி நின்றது. பை என் காலடியில் வந்து விழுந்தது.

அந்நாளைய மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றில், செய்திகளைச் சேமிக்கும் வட்டத் தகடு ஒன்று நிமிஷத்திற்கு 5,400 முறை சுழன்றுகொண்டிருக்கும். அதைப் படிக்கும் முனை தகட்டைத் தொடுவதில்லை. மயிரிழையின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். சுழலும்போது அடி பட்டால் அம்முனை தகட்டின் மேல் இடித்து அதைச் சுரண்டிவிடும். என் கணினிக்கு நேர்ந்தது அதுவே. பழுது பார்ப்பவர், "ஐயா, பெட்டியைச் சரி செய்து தருகிறேன். ஆனால் எழுத்து இருந்த இடமே போய்விட்டது" என்றார்.

மீண்டும் பதிவு செய்யலாம் என்று அந்த ஊர்களுக்குச் சென்றேன். பலர் மனமுவந்து மறுபடியும் பாடினார்கள். ஆனால், வேறெவரும் பாடிக் கேட்டிராத ஒரு நீண்ட தாலாட்டை எனக்குப் பாடிய பாட்டியின் வீட்டுத் திண்ணை வெறுமையாக இருந்தது. அவர் காலமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. "பாட்டியின் குரல் உங்களிடம் இருக்கிறதாமே, அதைக் கேட்கலாமா?" என்று அவருடைய பேத்தி ஆவலோடு கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் தலைகுனிந்து நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை.

நண்பர்களே, அன்று கற்றவற்றையும் அதன்பின் கற்றவற்றையும் சுருங்கச் சொல்லுகிறேன்.

பையில் வைக்குமுன் கணினியை முழுவதும் அணைத்துவிடுங்கள். இப்போது வரும் கணினிகள் பலவற்றில் சுழலும் தகடு இல்லை என்பது உண்மைதான். ஆயினும், விழித்திருக்கும் கணினி காற்றுப் புகாத பைக்குள் புழுங்கிச் சூடேறும். சூடு மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கும். மின்கலம் உப்பியிருப்பதாகத் தோன்றினால் அதனை உபயோகிக்காமல் உடனே மாற்றிவிட வேண்டும். மூடியை மூடுமுன் விசைப்பலகையின்மேல் பேனா கிடக்கிறதா என்று பாருங்கள். ஒரு சிறு பேனா போதும், திரை முழுவதும் விரிசல் காண்பதற்கு.

அடுத்தது பை. கணினிக்கென்று மெத்தென்ற தனி அறை அதில் இருக்க வேண்டும். அந்த அறை பையின் அடிவரை தொடாமல் சற்று உயரத்தில் நின்றால் இன்னும் நல்லது. பையைப் பொத்தென்று கீழே வைக்கும்போது அடி தரையோடு போய்விடும். பையை ஒரே தோளில் தொங்கவிடாமல் இரு தோள்களிலும் மாட்டினால் முதுகும் பிழைக்கும், கணினியும் பிழைக்கும்.

சோற்றுப் பாத்திரத்துக்கும் கணினிக்கும் ஒரே பையில் குடித்தனம் வேண்டாம். அம்மா அன்போடு ஊற்றிக் கொடுத்த சாம்பாருக்குப் பாகுபாடு தெரியாது. தண்ணீர்ப் புட்டியைப் பையின் வெளிப்புறத்தில் செருகுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறை எப்போதும் பையில் இருக்கட்டும். மழைக்கு முன்னறிவிப்புத் தேவையில்லை.

எவ்வளவு காத்தும் நீர் புகுந்துவிட்டால், உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையால் விசையை அழுத்தாதீர்கள். நீரோடு மின்சாரம் சேரும்போதுதான் பெருந்தீங்கு விளைகிறது. அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, கவிழ்த்து நீரை வடித்து, பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் பயன் தராது. உள்ளே புகுந்த நீரை அரிசி எடுத்துவிடாது.

நெரிசலான பேருந்தில் பையை முன்புறம் மாற்றி மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் கேளாமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் நல்ல பழக்கம் நம் நாட்டில் உண்டு. அவரிடம், "அண்ணா, இதில் கணினி இருக்கிறது" என்று ஒரு சொல் சொல்லிக் கொடுங்கள். கணினியின் அடியில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை வீட்டிலே எழுதி வையுங்கள். திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அதுவாகவே இருக்கும்.

இவை யாவும் பெட்டியைக் காப்பதற்கு உரியவை. பெட்டி போனால் பணம் போயிற்று. பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். பெட்டிக்குள் இருப்பதை எப்படிச் சம்பாதிப்பது?

நம் முன்னோரும் நூல்களைச் சுமந்தவர்களே. ஓலைகளை அடுக்கி, இருபுறமும் மரச்சட்டம் வைத்து, துளையிலே கயிறு கோத்துக் கட்டித் துணியில் பொதிந்தார்கள். இத்தனை காவல் செய்தும் செல்லுக்கும் ஈரத்துக்கும் ஓலைகள் இரையாயின. ஆயினும் நூல்கள் பல பிழைத்தன. எப்படி? ஓலை பழுதாகுமுன் மற்றொருவர் அதைப் பார்த்துப் பிரதி எடுத்தார். அப்பிரதி வேறோர் ஊரில் இருந்தது. 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பல இடங்களில் கிடைத்த சுவடிகளை ஒப்புநோக்கினார். ஒரே ஓர் ஏட்டை நம்பி நம் மொழி இருந்திருந்தால் இன்று நம்மிடம் எவ்வளவு எஞ்சியிருக்கும்?

ஆகவே, நாள்தோறும் இரவில் அன்றைய வேலைக்கு ஒரு பிரதி எடுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று இணையச் சேமிப்பில் இருக்கட்டும். பிரதி எடுத்த சிறு கருவியைக் கணினியோடு அதே பையில் வைத்து எடுத்துச் செல்லாதீர்கள். ஒரே பையில் உள்ள இரண்டு பிரதிகள் உண்மையில் ஒரு பிரதியே.

இப்போது நான் பதிவு செய்யும் பாடல்களை மூன்று இடங்களில் வைக்கிறேன். அவற்றுள் ஒன்று, பாடியவருடைய வீட்டிலேயே இருக்கிறது. பேத்திகள் கேட்கும்போது இனி நான் தலைகுனிய வேண்டியதில்லை. அந்த நிலை உங்களுக்கு என்றும் வாராதிருக்கட்டும்.