காம்பு ஒடிகிற வரை காத்திருங்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



வீட்டில் விளைந்ததைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது பற்றிப் பேசச் சொன்னாங்க. எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் கெடுத்ததைச் சொல்றேன், அதில் கத்துக்கிட்டதையும் சொல்றேன்.

எங்க அரவக்குறிச்சி பக்கம் முருங்கைக்குப் பஞ்சமே இல்லை. மரம் தழைக்கிற நேரத்தில் கீரையைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது. அதைப் பொடியாக்கி விற்கலாம்னு குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் எடுத்தேன்.

அது ஐப்பசி மாசம். மழை விட்டு விட்டுப் பெய்யுது. கடைக்காரர் சொன்ன தேதியும் நெருங்குது. இலை மொறுமொறுன்னுதான் இருந்தது, காம்பு மட்டும் ஒடியாமல் வளைஞ்சுது. ‘பரவாயில்லை’ன்னு அரைச்சு, சூடு ஆறுறதுக்குள்ள டப்பாவில் அடைச்சுட்டேன். மூணாவது வாரம் 6 கிலோவும் திரும்பி வந்தது. திறந்தால் கட்டி கட்டியாக, பூசண வாடை.

குழுக் கூட்டத்தில் வச்சோம். “மேலே இருக்கிறதை எடுத்துட்டு, வெயில்ல போட்டுச் சலிச்சுச் சந்தையில வித்துடலாம். கடன் கட்டணுமில்ல?” என்றார்கள் சிலர். நானும் தலையாட்டினேன். மூத்த அக்கா ஒருத்தர் மட்டும், “இதை உன் பேத்திக்குச் சோத்துல போட்டுக் குடுப்பியா?”ன்னு கேட்டாங்க. எனக்கு வாய் வரலை. அன்னைக்கே குழி வெட்டி எல்லாத்தையும் புதைச்சோம். குழு வட்டியைத் தள்ளலை, தவணையைப் பத்து மாசமா நீட்டிக் கொடுத்தது. கட்டி முடிச்சேன்.

அப்புறம் போன பயிற்சியில்தான் தெரிஞ்சுது: சில பூசணம் விஷத்தை உண்டாக்கும். திரும்ப வெயிலில் போட்டாலும் வறுத்தாலும் அந்த விஷம் முழுசாகப் போகாது. அந்த அக்கா படிக்காமலே சரியாகச் சொல்லியிருக்காங்க.

இப்போ நான் செய்கிற முறை இதுதான். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, புதினா எதுவானாலும் பழுப்பு இலையும் பூச்சி அரிச்சதும் நீக்கி, ரெண்டு மூணு தண்ணியில் அலசி, துணியில் பரப்பித் தண்ணீர் வடிய விடணும். பிறகு காத்தோட்டமான நிழலில், மேலே மெல்லிய துணி மூடி உலர்த்தணும். நேர் வெயிலில் போட்டால் பச்சை நிறம் வெளுக்கும், சத்தும் குறையும். அடிக்கடி புரட்டி விடணும். இலை நொறுங்கினால் மட்டும் போதாது, காம்பு ‘பட்’டுனு ஒடியணும். 10 கிலோ பச்சைக் கீரைக்கு 2 கிலோ பொடி கிடைக்கிறதே கஷ்டம். எடை கூட வேணும்னு ஈரத்தோடு அள்ளாதீங்க.

சுண்டைக்காய், மோர்மிளகாய்க்கு நிழல் ஆகாது, நல்ல வெயில் வேணும். சுண்டைக்காயைக் கீறி, மிளகாயைக் காம்போடு கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊற விடுங்க. பகலில் காயவச்சு, ராத்திரி அதே மோரில் போடுங்க. மோர் வற்றினதும் கலகலன்னு சத்தம் கேட்கிற வரை காயட்டும். பொழுது சாயுமுன் வீட்டுக்குள் எடுத்துடணும். பனி இறங்கினால் பகல் முழுக்கக் காய்ஞ்சதும் வீண்.

அரைச்சதையும் காய்ஞ்சதையும் நல்லா ஆறவிட்டுத்தான் பாட்டிலில் போடணும். பாட்டிலைக் கழுவி வெயிலில் காயவச்சிருக்கணும். ஈரக் கரண்டி கூடவே கூடாது. காயவச்ச தேதியை ஒட்டிவிடுங்க. பழசு முதலில் போகணும்.

வானம் மூடியிருந்தால் நான் இப்போ புதுசா ஆர்டர் எடுக்கிறதில்லை. அந்த வாரம் கீரையைப் பொரியல் பண்ணிப் பிள்ளைகளுக்குப் போட்டுடுவேன். நஷ்டம் ஒண்ணும் இல்லை, வீட்டில் ரத்தம்தான் ஊறும்.

எங்க தீர்மானப் புத்தகத்தில் அன்னைக்கு எழுதினது ஒரே வரி: நம்ம பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குறது நம்ம வாசலைத் தாண்டக் கூடாது. நீங்களும் உங்க குழுவில் எழுதிக்குங்க. அதே கடைக்காரர் இப்போ மாசாமாசம் எங்ககிட்டதான் வாங்குறார்.