அறிக்கையில் வராத ஒரு தவணை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், 1997ஆம் ஆண்டு க.பொ.த. சாதாரண தர வகுப்பினர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த உரையை ஒருத்தி வாசிக்கிறாள். எழுதியது பதினொரு பேர். நான்கு பேர் இங்கே யாழ்ப்பாணத்தில், இரண்டு பேர் கொழும்பில், மற்றவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறோம். இரண்டு மாதமாகத் தொலைபேசியில் சண்டை பிடித்து, ஒருத்தி எழுதியதை மற்றவள் வெட்டி, கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்டதை மட்டும் கொண்டுவந்திருக்கிறோம். ஆகவே இதில் எங்கேனும் பிழை இருந்தால் பதினொரு பேரும் பொறுப்பு.

"கல்லூரியின் ஒரு தவணைக்கால வாழ்வையும் சாதனைகளையும் பற்றிப் பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். காலையில் அதிபர் அவர்கள் வாசித்த அறிக்கையைக் கேட்டு மனம் நிறைந்திருக்கிறோம். மெய்வல்லுநர் போட்டி, தமிழ்த் தினப் போட்டி, வலைப்பந்து, பரீட்சைப் பெறுபேறுகள் என்று எதிலும் தங்கச்சிமார் எங்களை எப்போதோ தாண்டிவிட்டார்கள். எங்கள் காலத்திலும் முதலாந் தவணை என்றால் இல்லப் போட்டி, மூன்றாந் தவணை என்றால் வாணி விழா. அவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஆனால் உரைக்குக் குறிப்பெடுக்க நூலகத்துக்குப் போய்ப் பழைய பரிசளிப்பு விழா அறிக்கைகளைப் புரட்டியபோது ஒன்றைக் கண்டோம். ஒவ்வொரு தவணைக்கும் பக்கம் பக்கமாக விபரம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு முதலாந் தவணைக்கு மட்டும் ஒரே ஒரு வசனம்: இடப்பெயர்வினால் கல்லூரியின் செயற்பாடுகள் தடைப்பட்டன என்று. நாங்கள் அந்தத் தவணையில் படித்தவர்கள். செயற்பாடுகள் தடைப்படவில்லை. அந்தத் தவணையின் அறிக்கையைத்தான் இன்று, பிந்தியாவது, சமர்ப்பிக்க வந்திருக்கிறோம்.

சிறிய தங்கச்சிமாருக்காகச் சில வரிகள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டது. ஒலிபெருக்கியில் அறிவித்தல் கேட்டது. இருட்டில், மழையில், செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். இன்று பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரும் சாவகச்சேரிக்கு அன்று ஓர் இரவும் அடுத்த பகலும் பிடித்தன. கோயில், பாடசாலை, வளவு, மரநிழல் என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே இருந்தோம். ஒரு கிணற்றுக்கு இருபது குடும்பம். 1990இலிருந்தே மின்சாரம் இல்லாததால் இருட்டு எங்களுக்குப் புதிதல்ல. சொந்த வீட்டு இருட்டு இல்லை என்பதுதான் புதிது.

தை பிறந்தபின் ஒரு நாள் கொடிகாமம் சந்தையில் ஒரு கடைச் சுவரில் கையெழுத்து அறிவித்தல் ஒட்டியிருந்தது. கல்லூரி பின்னேர நேரத்தில் இயங்கும், மாணவிகள் வந்து பதியவும் என்று. மரக்கறி வாங்கப் போன ஒருத்தியின் அம்மா அதைப் பார்த்து வந்து சொன்னார். அவள் சைக்கிளில் போய் மூன்று பேருக்குச் சொன்னாள். அந்த மூவரும் ஆளுக்கு இரண்டு பேரைத் தேடிப் பிடித்தார்கள். எங்கள் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். முதல் நாள் கிடுகுக் கொட்டிலில் இருந்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் வகுப்புத் தொடங்கும்வரை பேசவில்லை, அழுதோம். பிறகு ரீச்சர் வந்து இடாப்பைத் திறந்தார்.

அந்த இடாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் ரீச்சர் ஒருவர் வீட்டுக்குப் போகாமல் முதலில் கல்லூரிக்கு வந்திருக்கிறார். அலுவலகத்திலிருந்து மாணவர் சேர்விடாப்பையும் அகப்பட்ட வரவு இடாப்புகளையும் எடுத்து, பொலித்தீனில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டுதான் நடந்தார். சொந்த உடுப்பு இரண்டு சோடிதான் அவருடன் வந்தது. அன்று எங்களுக்கு இது விசர் வேலையாகத் தெரிந்தது. நகை, அரிசி, அடையாள அட்டை என்று ஊர் கட்டிக்கொண்டு ஓடுகையில் யாராவது இடாப்பைத் தூக்குவார்களா? அதன் அர்த்தம் எங்களுக்குப் பங்குனியில்தான் விளங்கியது. அந்த ரீச்சர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் சொல்லவில்லை. அவருடைய சொல்லை இன்றும் மீற எங்களுக்குத் துணிவில்லை.

காலையில் அந்தக் கிராமத்துப் பாடசாலை, பின்னேரம் நாங்கள். அவர்களுடைய கட்டடத்தில் பாதியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருந்தன. ஆகவே அவர்களும் கொட்டிலில்தான் படித்தார்கள். அந்தக் கொட்டிலைத்தான் எங்களுடன் பகிர்ந்தார்கள். வாங்குகள் போதாது. பாதிப் பேர் சாக்கு விரித்து மண்ணில் இருந்தோம். கொப்பி வாங்க முடியாது. பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து ஒரு கொப்பி ஆக்கினோம். அதில் முன்பக்கம் கணிதம், பின்பக்கம் சமயம். வெண்கட்டித் துண்டுகளை ரீச்சர் எண்ணி வைத்திருந்தார்.

இந்த இடத்தில் எங்கள் பிழை ஒன்றையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். நகரத்துக் கல்லூரி என்ற நினைப்பு எங்களை விட்டுப் போகவில்லை. வாங்கு ஆடுகிறது, கரும்பலகை வெளிறிப்போயிருக்கிறது என்று முறைப்பாடு சொன்னோம். காலைப் பிள்ளைகள் போகும்போது கொட்டிலைக் கூட்டி, தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்கள். நாங்கள் பின்னேரம் குப்பையோடு விட்டுவிட்டுப் போனோம். இரண்டு கிழமை இப்படி நடந்தது. ஒருநாள் எங்கள் அதிபர் அம்மா சற்று முன்னதாக வந்து, அந்தப் பிள்ளைகள் கூட்டுவதைப் பார்த்தார். எங்களை ஒன்றும் பேசவில்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகு தானே விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினார். சைக்கிள் எடுக்கத் திரும்பி வந்த இருவர் அதைக் கண்டார்கள். அடுத்த நாள் முதல் விளக்குமாற்றுக்கு எங்களுக்குள் போட்டி. தவணை முடியும்போது கொட்டிலைச் சுற்றிச் சாணி மெழுகிய திண்ணையும் இரண்டு வரிசைப் பூங்கன்றுகளும் இருந்தன. காலைப் பிள்ளைகள் நட்டவற்றுக்குப் பின்னேரம் நாங்கள் தண்ணீர் விட்டோம்.

விளையாட்டுப் போட்டியும் நடந்தது. இல்லப் போட்டி நடத்த மைதானம் இல்லை. அதனால் இரண்டு பாடசாலைகளுக்கும் வலைப்பந்து என்று தீர்மானமானது. பனையோலைக் கடகத்தின் அடியை வெட்டி இரண்டு தென்னைகளில் கட்டினோம். பந்து அந்த ஊர்ப் பொடியன்களிடம் இரவல் வாங்கிய கால்பந்து. எங்கள் அணியில் மாவட்டப் போட்டியில் விளையாடியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஆகவே வெற்றி எங்களுக்கே என்று இருந்தோம். நன்றாகத் தோற்றோம். வெறுங்காலோடு மணலில் ஓட எங்களுக்குத் தெரியவில்லை; அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முடிந்ததும் அவர்கள் எங்களுக்குப் பனங்கட்டியும் தேத்தண்ணியும் தந்தார்கள். அந்த அணியில் விளையாடிய இருவர் இன்று அவர்களுடைய அதிபரோடு வந்திருக்கிறார்கள். எழுந்து நிற்கும்படி அன்போடு கேட்கிறோம். அன்றைய முடிவை எங்கள் கல்லூரி விளையாட்டுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். தோல்வியாக இருந்தாலும் அது அந்தத் தவணையின் ஒரே போட்டி.

தவணைப் பரீட்சையும் வைத்தார்கள். அச்சடிக்க வழியில்லை. கேள்விகளைக் கரும்பலகையில் ஒவ்வொரு பகுதியாக எழுதி, எல்லோரும் பார்த்து முடித்தபின் அழித்து, அடுத்த பகுதியை எழுதினார்கள். முதலாம் பிள்ளைக்குப் பரிசு ஒரு மெழுகுதிரி. அந்த நாட்களில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கில் படித்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். பரிசு பெற்றவள் அதைத் துண்டாக வெட்டி நான்கு பேருக்குக் கொடுத்தாள். அந்த நால்வரில் மூவர் இந்த உரையை எழுதியவர்களில் இருக்கிறோம்.

இனி இடாப்பின் அர்த்தம். பங்குனி மாதமளவில் பல குடும்பங்கள் கிளாலி ஊடாக வன்னிக்குப் போகத் தொடங்கின. சில, எப்படியாவது கொழும்புக்குப் போக ஆயத்தமாயின. இன்னொரு பாடசாலையில் சேர வேண்டுமானால் விடுகைப் பத்திரம் வேண்டும். சேர்விடாப்பு இல்லாமல் விடுகைப் பத்திரம் எழுத முடியாது. எப்போது பிறந்தாள், எப்போது சேர்ந்தாள், எந்த வகுப்புவரை படித்தாள் என்பதற்கு வேறு சாட்சி எதுவும் எங்கள் கையில் இல்லை. பிறப்புச் சான்றிதழ்கள் பூட்டிய வீடுகளில் கிடந்தன. ரீச்சர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது எங்கள் படிப்பையே என்று அப்போதுதான் விளங்கியது. அச்சடித்த படிவம் இல்லாததால் கோடிட்ட தாளில் கையால் எழுதி, அதிபர் அம்மா ஒப்பமிட்டுக் கொடுத்தார். யாரிடமும் கட்டணம் நிலுவை என்றோ, புத்தகம் திருப்பித் தரவில்லை என்றோ கேட்கவில்லை. ஒவ்வொரு பத்திரம் எழுதும்போதும் வகுப்பில் ஓர் இடம் வெறுமையாகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே யாராவது அலுவலக மேசைக்குப் போனால் வகுப்பு அமைதியாகிவிடும்.

சித்திரை விடுமுறைக்கு மூடியபோது இடாப்பில் எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பெயர். வருடப் பிறப்பு முடிந்த கிழமையே தென்மராட்சியிலும் படை நடவடிக்கை தொடங்கியது. மூடிய தவணை திறக்கவில்லை. சிலர் வலிகாமத்துக்குத் திரும்பினோம், சிலர் வன்னிக்குப் போனார்கள். ஒரே மரத்தடியில் சமைத்த குடும்பங்கள் அன்று காலை எதிரெதிர்த் திசையில் நடந்தன. பிறகு எங்கள் சொந்தக் கட்டடத்தில் கல்லூரி திறந்தபோது எங்கள் வகுப்பில் பதினேழு பேர். மற்றவர்களில் அநேகரை இத்தனை ஆண்டுகளில் கண்டுபிடித்துவிட்டோம். ஒருத்தி கிளிநொச்சியில் ஆசிரியை. ஒருத்தி தாதி. இருவரைப் பற்றி இன்றுவரை எந்தச் செய்தியும் இல்லை. அவர்கள் இருவரும் அன்று கொட்டிலில் அழுத ஒன்பது பேரில் உள்ளவர்கள்.

அறிக்கை என்றால் முடிவில் வேண்டுகோளும் இருக்கும். எங்களிடம் மூன்று உண்டு.

முதலாவது: அந்தத் தவணையின் வரவு இடாப்பு கல்லூரி அலுவலக அலுமாரியில் இன்னும் இருக்கிறது. தாள் பொடியத் தொடங்கிவிட்டது. அதைப் பிரதியெடுத்துக் கல்லூரியின் ஆவணமாகப் பாதுகாக்க வேண்டும். செலவை எங்கள் வகுப்பு ஏற்கும்.

இரண்டாவது: அயற்பாடசாலையோடு ஆண்டுதோறும் முதலாந் தவணையில் ஒரு வலைப்பந்துப் போட்டி. ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே. அவர்களுக்கு நாங்கள் இதுவரை முறையாக நன்றி சொன்னதில்லை. இருவரும் சமமாக நின்று விளையாடுவதே நன்றி என்று நினைக்கிறோம். இன்று இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் போனால் இன்னும் வெட்கம்.

மூன்றாவதுதான் எங்களுக்கு முக்கியமானது. அந்த இடாப்பின் கடைசியில் வேறு மையில் எழுதிய ஆறு பெயர்கள் உண்டு. அவர்களுடைய பாடசாலைகள் அப்போது எங்கும் இயங்கவில்லை. ரீச்சர் ஒன்றும் கேட்காமல் எங்களுடன் சேர்த்துக்கொண்டார். எங்களோடு சாக்கில் இருந்தார்கள், எங்களோடு கூட்டினார்கள், எங்களுக்காக விளையாடித் தோற்றார்கள். அவர்களில் ஒருத்தி நூற்றாண்டு விழாச் செய்தி கேட்டு எங்களுக்குத் தொலைபேசி எடுத்தாள். "நான் பழைய மாணவியா, இல்லையா?" என்று கேட்டாள். சங்கத்தின் யாப்பைப் பார்த்தோம். இரண்டு வருடம் படித்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அவள் படித்தது ஒரு தவணை. எங்களிடம் பதில் இல்லை. ஆகவே அந்தக் கேள்வியை இந்தச் சபைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

விதி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 1995, 1996 இடப்பெயர்வுக் காலத்தில் எங்கள் கல்லூரி இடாப்பில் ஒரு நாளாவது பெயர் பதிந்தவர்கள், படிப்பை முடிக்காமல் போனவர்கள், எல்லோரும் இச்சங்கத்தின் உறுப்பினராகலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் பிரேரணை. எழுத்தில் கொடுத்திருக்கிறோம். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகத் தலைவி அவர்கள் சொல்லியிருக்கிறார். அன்று தயவுசெய்து எல்லோரும் வாருங்கள். வெளிநாட்டில் உள்ளவர்கள் உங்கள் கிளைகள் மூலம் கருத்தை அனுப்புங்கள்.

நூறு வருடச் சங்கத்துக்குக் கட்டடமும் வேண்டும், புலமைப்பரிசில் நிதியும் வேண்டும். அவற்றுக்கும் எங்கள் பங்கைத் தந்திருக்கிறோம். ஆனால் கட்டடம் இல்லாமலும் எங்கள் கல்லூரி ஒரு தவணை நடந்தது. அன்று எங்களிடம் இருந்தது பெயர்கள் எழுதிய ஒரு புத்தகமும் அதை வாசித்துக் கூப்பிட்ட ஒரு குரலும்தான். அந்தப் புத்தகத்தில் உள்ள எந்தப் பெயருக்கும் இந்தச் சங்கம் "இல்லை" என்று சொல்லக் கூடாது.

எங்கள் அறிக்கை இத்துடன் முடிகிறது. பிந்திச் சமர்ப்பித்ததற்கு ரீச்சர் எங்களை மன்னிக்க வேண்டும்.