சமாதானம் என்பது எது?
(அரக்கோணத்தில் பேசியது)



கலகத்தை அடக்குவது எப்படி என்பது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கின்றீர்கள். இது அரக்கோணத்தில் பேசவேண்டிய விஷயந்தான். 2021 ஏப்ரல் 7-ந் தேதி, சட்டசபைத் தேர்தலுக்கு மறுநாள், பக்கத்துச் சோகனூரில் தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபர்கள் இருவர் ஒரு தகராறில் கொல்லப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இரண்டு குடியானவர்கள் வரப்புக்காகச் சண்டையிட்டால் அது இருவர் சண்டை. பத்துப் பேர் ஓடிவந்து விலக்கி விடுவார்கள். அதே இருவர் வேறு வேறு ஜாதியாயிருந்தால் இரண்டு தெருச் சண்டையாகி விடுகின்றது. வரப்பு அதேதான், கூடியது எது? ஓடிவருகிறவன் "அடிபடுகிறவன் நம்மவனா?" என்று பார்க்கின்றானே, அதுதான்.

1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட பஸ் கழகத்துக்கு, தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சர்க்கார் வைத்தது. "அந்தப் பெயருள்ள பஸ்ஸில் ஏறமாட்டோம்" என்று சிலர் கிளம்பினார்கள். தென் ஜில்லாக்களில் கலகம் மூண்டது. கடைசியில், பஸ் கழகங்களிலிருந்தும் ஜில்லாக்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்தார்கள். பஸ்ஸுக்கு ஜாதியுண்டா? டீசலுக்குத் தீட்டுண்டா? பெயர் போயிற்று, ஏறுகிறவன் மண்டையிலிருந்த ஜாதி போயிற்றா?

அதனால்தான் 1998-ல் மதுரை ஜில்லா மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் கட்டி, பல ஜாதியாரையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடிவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரனாகப் பழகியவன்தான் சண்டை நாளில் குறுக்கே வந்து நிற்பான். தெருவே தனி, சுடுகாடே தனி என்றால் எவன் வருவான்?

ஆகையால் உங்களைக் கேட்டுக் கொள்வது இதுதான். ஒரு வதந்தி வந்தால், "நீ கண்ணால் கண்டாயா?" என்று கேளுங்கள். "இல்லை" என்றால் அதை வாயாலும் பரப்பாதீர்கள், செல்போனிலும் அனுப்பாதீர்கள். உங்கள் ஜாதிக்காரன் கையோங்கினால் முதலில் நீங்களே அந்தக் கையைப் பிடியுங்கள். எதிர் ஜாதிக்காரன் பிடித்தால் கலகம் வளரும். நீங்கள் பிடித்தால் அங்கேயே அடங்கும்.

கடைசியாக ஒன்று. அடித்தவன் நாற்காலியிலும், அடிபட்டவன் கைகட்டியும் இருந்து கையெழுத்திடுவதைச் சமாதானம் என்கின்றார்கள். குற்றம் நடந்திருந்தால் கோர்ட்டில் வழக்கு நடக்கட்டும். வழக்கை வாபஸ் வாங்கும்படி அடிபட்டவன் வாசலில் போய் நிற்பது சமாதானமல்ல. அவனுக்குக் கொடுக்கும் இரண்டாவது அடியாகும்.