எந்த வரியில் பிழைத்தது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையில் நிற்பது ஒருத்திதான். ஆனால் பேசுவது 1994இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பு. பாடசாலையின் நூறு ஆண்டு வரலாற்றைச் சொல்ல எங்களைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாங்கள் எங்கள் கணித ரீச்சரைப் பற்றியும், அவருக்கு நாங்கள் பட்டிருக்கும் ஒரு கடனைப் பற்றியும் மட்டும் சொல்ல வந்தோம். தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். முன்வரிசையில்தான் இருக்கிறார்.

ரீச்சர் எங்களுக்குப் படிப்பித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். கொப்பி கிடைப்பதே அரிது. கரும்பலகையில் வட்டம் கீற ரீச்சரிடம் இருந்த கருவி ஓர் ஆணி, ஒரு முழம் நூல், நூலின் நுனியில் கட்டிய வெண்கட்டி. ஆணியைப் பிடிக்க எங்களில் ஒருத்தியை அழைப்பார். அதற்கு எங்களுக்குள் போட்டி.

கணக்குப் பிழைத்தால் அழிறப்பரைத் தேடுவோம். அவர் விடமாட்டார். "அழிக்காதை பிள்ளை. எந்த வரியிலை பிழைச்சது எண்டு பார்" என்பார். பிழைத்த வரியின் கீழ் ஒரு கோடு. அதன் கீழ் சரியான வரி. எங்கள் கொப்பிகள் அழகாக இருக்கவில்லை. ஆனால் கணக்கு எங்கே தடுமாறியது என்று இன்றைக்கும் அந்தக் கொப்பிகளைப் பார்த்துச் சொல்லலாம்.

2019இல் எங்கள் வகுப்பு பாடசாலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பணம் சேர்த்து ஒரு ஸ்மார்ட் போர்ட் வாங்கிக் கொடுத்தோம். நாடா வெட்டினோம். படம் எடுத்தோம். சில மாதங்களின் பின் எங்களில் ஒருத்தி போய்ப் பார்த்தபோது அதன் மேல் பூப்போட்ட மேசை விரிப்பு ஒன்று போர்த்தியிருந்தது. எங்களுக்குக் கோபம் வந்தது. பாவனை பற்றி அறிக்கை தாருங்கள் என்று கடிதம்கூட எழுதினோம்.

அதை யார் யாருக்குப் பழக்கினார்கள் என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. விற்றவர்கள் அனுப்பிய ஒருவர் ஒரு பின்னேரம் வந்து, எல்லாவற்றையும் தானே வேகமாகச் செய்து காட்டிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் ரீச்சர் பேனையைப் பலகையில் வைத்தார். கோடு நான்கு விரற்கடை தள்ளி விழுந்தது. தொடும் இடத்தைப் பலகைக்கு மீண்டும் பழக்கிவிட்டால் சரியாகிவிடும் சிறு விடயம் அது. அவருக்கு அதை யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் இலட்சக்கணக்கில் செலவழித்து அனுப்பியதைத் தான் பழுதாக்கிவிட்டேன் என்று நினைத்து, விரிப்பைப் போர்த்தியிருக்கிறார்.

அடுத்தது 2020 மார்ச். கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. ஐம்பது வயதைத் தாண்டிய ரீச்சர், மகனின் பழைய கைத்தொலைபேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்துச் சூமில் வகுப்பெடுத்தார். ஒலிவாங்கி மூடியிருந்தது தெரியாமல் இருபது நிமிடம் படிப்பித்தார். திரையில் தெரிந்தது அவருடைய நெற்றியும் சுவர்க் கலண்டரும். எங்களில் ஒருத்தியின் மகள் அந்த வகுப்பில் இருந்தாள். அந்தப் படம் எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. சிரித்தோம். ஆளுக்கொரு பகிடி எழுதினோம்.

ஸ்மார்ட் போர்டுக்குப் பணம் சேர்த்த நாட்களில் ரீச்சரையும் அந்தக் குழுவில் சேர்த்திருந்தோம். அதை மறந்துபோனோம்.

அன்று இரவு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "சத்தம் வரேல்லை எண்டு எனக்குத் தெரியாது பிள்ளையள். எந்த வரியிலை பிழைச்சது எண்டு நீங்கள் ஒருத்தரும் சொல்லேல்லையே."

குழுவில் இரண்டு நாள் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. பிறகு மெல்பேர்னில் மென்பொருள் துறையில் இருக்கும் எங்கள் தோழி அழைப்பெடுத்து மன்னிப்புக் கேட்டாள். "அதை விடு. அந்த மைக் எங்கை இருக்குது எண்டு சொல்லு" என்றார் ரீச்சர். அந்த நேரம் அவர் முன்கூட்டியே ஓய்வு பெறுவதற்கான கடிதத்தை எழுதி வைத்திருந்தார் என்பது எங்களுக்குப் பின்னர்தான் தெரியும்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் அரை மணி நேரம், முறை வைத்து, எங்களில் ஒருத்தி அவரோடு இருந்தோம். அவர் ஒரு கொப்பி போட்டார். ஒவ்வொரு பொத்தானையும் பென்சிலால் கீறி, அதை அமத்தினால் என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று பக்கத்தில் எழுதினார். ஏன் என்று விளங்காமல் அடுத்த படிக்குப் போகமாட்டார். எங்களுக்குப் பொறுமை போய், தூரத்திலிருந்தே அவருடைய திரையை இயக்கப் பார்த்தால் தடுப்பார். "நீ செய்து காட்டாதை. நான் செய்யிறதைப் பார்."

எங்களில் மருத்துவர்களாக இருப்பவர்களுக்கு இந்த வார்த்தை உறைத்தது. ஒரு புதிய சத்திரசிகிச்சை முறையை எங்களுக்கு யாரும் ஒரு பின்னேரத்தில் பழக்குவதில்லை. முதலில் பார்ப்போம். பிறகு செய்வோம். மூத்தவர் பக்கத்தில் நிற்பார். கையைப் பறிக்கமாட்டார், விட்டுவிட்டும் போகமாட்டார். அப்படிப் பழகிய நாங்கள், ஆசிரியர்களுக்கு மட்டும் பெட்டியைக் கொடுத்துவிட்டு அறிக்கை கேட்டோம்.

கருவி கைக்கு வந்த பின்னும் ரீச்சர் அதில் மயங்கவில்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளால் சூமுக்கு வர முடியவில்லை. சிலருக்குப் போன் இல்லை, சிலருக்கு டேட்டா இல்லை. அதனால் ஒரு கணக்கு, ஐந்து நிமிடம் என்று குறுங்காணொளிகள் செய்தார். அவற்றில் முகம் இல்லை. கடதாசியும் கையும் குரலும் மட்டும். போன் இல்லாத பிள்ளைகளுக்கு அதே கணக்கைக் கையால் எழுதி, சந்திக் கடையில் கொடுத்து வைத்தார். 2022இல் கடதாசித் தட்டுப்பாடும், ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டும் வந்தபோது, ஸ்மார்ட் போர்ட் வெறும் சுவராகிவிட்டது. ரீச்சர் லாச்சியைத் திறந்து ஆணியையும் நூலையும் எடுத்தார். அவை அங்கேயே இருந்தன.

சென்ற வருடம் எங்களில் மூவர் அவருடைய வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தோம். மேசை விரிப்பு இப்போது மேசையில் இருக்கிறது. பலகையில் ஜியோஜீப்ரா. 2001இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தொடங்கிய மென்பொருள் அது. மாணவர்கள் காசு கொடுக்காமல் பாவிக்கலாம். கணினியில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ரீச்சர் ஒரு வட்டம், ஒரு நாண், பரிதியில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளியை விரலால் இழுத்தார். புள்ளி நகர்ந்தது, நாண் அதில் அமைத்த கோணம் மாறவில்லை. ஒரே துண்டத்துக் கோணங்கள் சமம் என்று நாங்கள் மனப்பாடம் செய்த தேற்றம் எங்கள் கண் முன்னே அசைந்தது.

ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள். "ரீச்சர், புள்ளி நாணுக்கு மற்றப் பக்கம் போனா?"

"நீயே வந்து இழு."

அவள் இழுத்தாள். புள்ளி நாணைக் கடந்ததும் 50 பாகையாக இருந்த கோணம் 130 ஆனது. "இரண்டையும் கூட்டினா 180!" என்று வகுப்பே சத்தம் போட்டது. ரீச்சர் பலகையை அணைத்தார். "கண்ணாலை கண்டது நிறுவல் இல்லை, பிள்ளையள். இப்ப ஏன் எண்டு பார்ப்பம்." வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகைக்குப் போனார்.

நிறுவலின் நடுவில் ஒரு கோணத்தை மாற்றி எழுதிவிட்டார். ஒரு பிள்ளை சுட்டிக்காட்டினாள். அவர் அழிக்கவில்லை. கீழே கோடு போட்டுத் திருத்தினார். கடைசி வாங்கில் எங்களுக்குக் கண் கலங்கியது.

இனி எங்கள் வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் இன்னும் கருவிகள் வாங்க வேண்டும் என்று பல கிளைகள் கேட்டிருக்கின்றன. வாங்குவோம். ஆனால் ஒவ்வொரு கருவியோடும் மூன்றைச் சேர்த்துக் கொடுப்போம்: பழுது பார்க்கப் பணம், போன் இல்லாத பிள்ளைக்கு வழி, பழகுகிற ஆசிரியருக்குப் பக்கத்தில் பொறுமையாக இருக்க ஓர் ஆள். முதல் இரண்டுக்கும் காசு போதும். மூன்றாவதுக்கு நாங்கள்தான் வேண்டும். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சனிக்கிழமையில் அரை மணி நேரம் இருக்கும். பெயர்ப் பட்டியல் வாசலில் இருக்கிறது. எங்கள் வகுப்பின் பெயர்களை ஏற்கெனவே எழுதிவிட்டோம்.

ரீச்சர், 2019இலும் 2020இலும் நாங்கள் எந்த வரியில் பிழைத்தோம் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். அதை அழிக்கவில்லை. கோடு போட்டு, கீழே எழுதத் தொடங்கியிருக்கிறோம். பார்த்துச் சரி போடுங்கள்.