பழைய காகிதமும் பழகிய கையும்

பெங்களூரு மாநகரில், ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் அண்மையில், நீலசந்திரா என்றொரு பகுதி உண்டு. நெருங்கி அமைந்த வீடுகள், குறுகிய சந்துகள், ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் கன்னடம், எதிர்வீட்டில் உருது. விடுமுறை நாளின் காலைப்பொழுதில் அச்சந்துகளில் நின்று செவிசாய்த்தால், ‘ஹளே பேப்பர்!’ என்னும் நீண்ட குரல் கேட்கும். ‘ஹளே’ என்றால் கன்னடத்தில் ‘பழைய’ என்பது பொருள். பழைய காகிதம் வாங்குபவர் தள்ளுவண்டியோடு வந்து நிற்கிறார். தமிழ் நாளிதழும், கன்னட நாளிதழும், உருது நாளிதழும், பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகங்களும் ஒரே தராசுத் தட்டில் ஏறுகின்றன. நேற்றுவரை தனித்தனி எழுத்தாயிருந்தவை இன்று ஒரே எடையாகி, சில ரூபாய்களாக மாறிவிடுகின்றன.

நேயர்களே, தராசில் ஏறுவதற்கு முன் அக்காகிதத்திற்கு நம் வீட்டில் வேறொரு வாழ்வு இருந்தது. அவ்வாழ்வைப் பற்றியே இன்று நாம் பேச எண்ணுகிறோம்.

முதலில் முறத்தை நினைத்துக்கொள்வோம். புது முறம் வாங்கி வந்தவுடன் நம் தாய்மார் அதை அப்படியே எடுத்துப் புடைக்கத் தொடங்கிவிட மாட்டார்கள். மூங்கிற் பிளாச்சுகளுக்கிடையே நுண்ணிய இடுக்குகள் உண்டு. கேழ்வரகும் மாவும் அவற்றின் வழியே ஒழுகிவிடும். ஆகவே, பழைய காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து நீரில் ஊறவைப்பார்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியே ஊறவைப்பார்கள். இரண்டையும் ஆட்டுரலில் இட்டு வெண்ணெய் போல் அரைத்து, அக்கூழை முறத்தின் இருபுறமும் மெழுகி, வெயிலில் காயவைப்பார்கள். காய்ந்த முறம் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். ‘முறம் மெழுகுதல்’ என்று இதற்குப் பெயர்.

எளிய இச்செயலுக்குள் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். காகிதம் என்பது நுண்ணிய நார்களின் பின்னலே. நீரில் ஊறும்போது அந்நார்கள் பிரிகின்றன; காயும்போது மீண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகுகின்றன. வெந்தயமோ ஊறினால் வழுவழுப்பான பசையைத் தருவது. அதன் கசப்பைப் பூச்சி விரும்புவதில்லை. பசையும் காவலும் ஒரே பொருளிலிருந்து கிடைத்துவிடுகின்றன. வேதியியலை ஏட்டில் படியாத கைகள் இதைக் கண்டறிந்து, தாயிடமிருந்து மகளுக்கு வழங்கி வந்தன.

அக்கூழ் முறத்தோடு நின்றுவிடவில்லை. குடத்தைக் கவிழ்த்து, அதன் மேல் நனைந்த துணியைப் போர்த்தி, துணியின்மீது கூழை ஒரு விரற்கனம் அப்பிக் காயவிடுவார்கள். காய்ந்தபின் குடத்தை மெல்ல உருவி எடுத்தால், கையில் ஒரு கூடை நிற்கும். அதன் விளிம்பிற்குப் பழஞ்சேலையின் கரையைத் தைத்து, புறத்தே வண்ணம் தீட்டி, பூவும் கொடியும் எழுதிவிட்டால், அது வீட்டிற்கு அழகு. பஞ்சும் திரியும் நூற்கண்டும் இட்டுவைக்கப் பயன். பயனிலிருந்து அழகு பிறந்த இடம் இதுவே. கலை என்பது அரண்மனையில் மட்டுமன்றி ஆட்டுரலிலும் தோன்றலாம் என்பதற்கு இக்கூடையைவிடச் சான்று வேண்டுவதில்லை.

காகிதத்தின் பிறப்பே இத்தகையதுதான். கி.பி. 105-ஆம் ஆண்டளவில் சீன அரசவையைச் சேர்ந்த சாய் லுன் என்பவர் மரப்பட்டை, கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை நையப்புடைத்துக் காகிதம் செய்யும் முறையைச் செம்மைப்படுத்தினார் என்று வரலாறு கூறுகின்றது. கழித்த பொருளிலிருந்தே காகிதம் பிறந்தது. ஆகவே கழித்த காகிதத்திலிருந்து மற்றொரு பொருள் பிறப்பதில் வியப்பென்ன?

இக்கூழ்க் கலையைப் பிரெஞ்சுக்காரர் ‘பாப்பியே மாஷே’ என்றனர். ‘மென்ற காகிதம்’ என்பது அதன் பொருள். காஷ்மீரத்துக் கைவினைஞர் அதனாற் பெட்டிகளும் கிண்ணங்களும் செய்து, சினார் இலைகளையும் மலர்களையும் மயிரிழை போன்ற கோடுகளால் அவற்றின்மேல் தீட்டுகின்றனர். புதுச்சேரிப் பகுதியிலுள்ள திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினை புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை அறியாதவர் யார்? காகிதக்கூழும் களிமண்ணும் பிறவும் கொண்டு செய்யப்படும் அந்த ஆட்டக்காரியின் தலையும் உடலும் பாவாடையும் தனித்தனி உறுப்புகள். ஒவ்வொன்றும் ஒரு முனையின்மேல் நிறைகோல் போலத் தொங்குவதால், காற்றுப் பட்டாலே அவள் ஆடுகிறாள். நவராத்திரிக் கொலுவில் அமரும் தெய்வ உருவங்கள் பலவும் இரண்டு பாதி அச்சுகளில் காகிதக்கூழை அழுத்தி எடுத்து, ஒட்டி, வெண்சுண்ணப் பூச்சிட்டு, வண்ணம் தீட்டி ஆக்கப்படுவனவே.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இப்பொம்மைகளிடத்தே தனிப்பட்ட உறவொன்று உண்டு. பெங்களூரில் 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் படைப் பாளையம் அமைத்தபோதே, சென்னைப் படையோடும் அதனைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் பலர் இங்கே குடியேறினர். 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை திறந்தபின் வருகை எளிதாயிற்று. அன்று முதல் இன்றுவரை, வேலை தேடி வரும் குடும்பம் எதைக் கொண்டு வருகிறது? அம்மியைக் கொண்டுவர இயலாது. ஆட்டுரலைக் கொண்டுவர இயலாது. மண் பொம்மை வழியிலே உடைந்துபோகும். காகிதக்கூழ்ப் பொம்மையோ பழஞ்சேலையில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்தால் பத்திரமாய் வந்து சேரும். வாடகை வீடு மாறுந்தோறும் அது கூடவே மாறும். கனமில்லாமை என்பது குடிபெயர்ந்தோர் வாழ்வில் பெரியதொரு குணம்.

பொம்மையினும் கனமற்றது ஒன்று உண்டு; அது கைப்பழக்கம். அதற்குப் பெட்டி வேண்டுவதில்லை, பயணச்சீட்டு வேண்டுவதில்லை. ஆனால் அதை அடுத்த கைக்குக் கொடுக்காவிடில், அது வந்த ஊரிலேயே, ஓர் ஓசையுமின்றி முடிந்துபோகும்.

நீலசந்திரா போன்ற பலமொழிப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் காகிதம் விழாக்கோலம் பூணுவதைக் காணலாம். புரட்டாசியில் கொலுப்படி, படியைச் சுற்றிச் சுருள்காகித மாலை. மார்கழியில் மூங்கிற் குச்சிகளை ஐம்முனையாகக் கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே விளக்கேற்றிய விண்மீன். அதன் கீழே கிறிஸ்து பிறந்த குடில். அக்குடிலின் மலைப்பாறைகள் யாவை? கசக்கி, மடித்து, வண்ணம் தெளித்த முரட்டுக் காகிதமே! நம் நாட்டின் பல இடங்களில் மொகரத்தின்போது எடுத்துவரப்படும் தாஜியாவும் மூங்கிலும் காகிதமுமே. சமயங்கள் பலவாயினும் பசைக் கிண்ணம் ஒன்றாகவே இருக்கிறது.

நம்மைப் போல் ஊரிழந்து வந்த ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் நேக் சந்த். 1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது, எல்லைக்கு அப்பால் போய்விட்ட தம் சிற்றூரை விட்டு வந்தவர். சண்டிகர் நகரம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே சாலை ஆய்வாளராகப் பணிபுரிந்தார். புதுநகருக்காகப் பழைய சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளில் கிடந்த ஓட்டாஞ்சில்லுகளையும், உடைந்த வளையல்களையும், பீங்கான் துண்டுகளையும் மிதிவண்டியில் ஏற்றிச் சென்று, காட்டுப்பகுதி ஒன்றில் யாரும் அறியாமல் சேர்த்துவைத்து, உருவங்கள் சமைத்தார். 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய அப்பணி ஏறத்தாழ 18 ஆண்டுகள் மறைவிலேயே நடந்தது. அதிகாரிகள் கண்டபோது, அனுமதியற்ற அப்படைப்பு இடிக்கப்படக்கூடும் என்னும் நிலை இருந்தது. ஆனால் கண்டோர் வியந்தனர். 1976-இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1984-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2015-இல் அவர் மறைந்தார். பாறைத் தோட்டம் இருக்கிறது. இழந்த ஊரை உடைந்த வளையலாற் கட்டிய மனிதர் அவர்.

இனி, நம் வீட்டு நிலைமைக்குத் திரும்புவோம். அலங்காரத்திற்கான தெர்மாகோல் பொருள்கள், ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேறு சில பிளாஸ்டிக் பொருள்களோடு சேர்த்து, 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. கருநாடக அரசு 2016-லேயே இத்தகைய தடை ஒன்றைப் பிறப்பித்திருந்தது. பள்ளிச் செய்முறைக்குக் கோயில் கோபுரமோ அணைக்கட்டோ செய்துவரச் சொன்னால், கடைக்கு ஓடித் தெர்மாகோல் அட்டை வாங்கிய பழக்கம் நமக்கு உண்டு. அதற்கு மாற்றுப் பொருள் கடையில் இல்லை; வீட்டு மூலையில் இருக்கிறது. அதைக் கோபுரமாக்கத் தெரிந்த கைதான் அருகி வருகிறது.

அதே வேளையில் ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். ஒட்டியதெல்லாம் கலையாகிவிடாது. பழைய காகிதத்தின்மேல் மினுமினுக்கும் தூளைக் கொட்டி, பிளாஸ்டிக் மணிகளைப் பதித்து, பளபளக்கும் தாளைச் சுற்றி ஒரு வாரம் சுவரில் மாட்டிப் பின் எறிந்துவிட்டால், நாம் செய்தது நன்மையன்று. தனித்த காகிதம் ஆலைக்குச் சென்று ஐந்தாறு முறையேனும் மீண்டும் காகிதமாகக்கூடியது. ஒவ்வொரு முறையும் அதன் நார் குறுகுவதால்தான் அதற்கும் ஓர் எல்லை உண்டு. பிளாஸ்டிக்கோடு பிணைந்த காகிதமோ எங்கும் செல்ல இயலாமற் குப்பைமேட்டையே அடையும். ஆகவே, நம் கை பட்டதனால் ஒரு பொருளுக்கு ஆண்டுக்கணக்கில் பயனோ உண்மையான அழகோ கூடுமாயின் அதைச் செய்வோம்; இல்லையேல், காகிதத்தைத் தூய்மையாகத் தராசில் ஏற்றிவிடுவோம். அதைப் பிரித்து, கட்டி, ஆலைக்குச் சேர்ப்பவர்களின் உழைப்பும் ஒரு கைத்திறனே. பெங்களூர் மாநகராட்சி 2011-இல் கழிவு பொறுக்குவோருக்கு அடையாள அட்டை வழங்கத் தொடங்கியது, அத்தொழிலுக்குக் கிடைத்த மதிப்பின் ஓர் அறிகுறி.

மற்றொன்று: செய்தித்தாளில் அச்சு மை உண்டு. உணவுப் பண்டங்களைச் செய்தித்தாளிற் பொதியலாகாது என்று நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அறிவுறுத்தியது. எனவே நாளிதழாற் செய்த கூடையை நூலுக்கும் ஊசிக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் வைத்துக்கொண்டு, தானியத்திற்கு வேறு கலம் கொள்வதே தக்கது. முன்னோரிடம் கற்பதென்றால் இன்றைய அறிவை மறப்பதென்று பொருளில்லை.

நாம் பெங்களூரில் முதன்முதற் செய்த கூடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். ஆடி மாதம் அது. ஊர்ப் பழக்கத்தில், இரண்டு நாள் வெயிலிற் காய்ந்துவிடும் என்று எண்ணிக் குடத்தின்மேல் அப்பினோம். இங்கோ வெயிலைக் காணோம், சாரல்தான். ஒரு வாரத்திற்குப் பின்னும் ஈரம் போகவில்லை. பச்சைப் பூசணம் பூத்தது. வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, “கூழுக்கு ஊர் தெரியுது கண்ணு, உனக்குத்தான் தெரியல, மாசி பங்குனியில் பண்ணு” என்று சிரித்தார். அவ்வாறே பங்குனியிற் செய்தோம், நின்றது. ஊர் மாறினால் கைப்பழக்கத்தையும் அவ்வூர்ப் பருவத்திற்கு இசைய மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அக்கூடை கற்பித்தது.

அக்கூடையைக் கண்டு வந்த கன்னடப் பக்கத்து வீட்டு அம்மையார், தம் வீட்டு முறத்தைக் காட்டினார். அவர்கள் அதை ‘மொர’ என்கிறார்கள். நம் முறத்தின் உடன்பிறப்புச் சொல் அது. கௌரி பண்டிகையன்று புது முறங்களில் மஞ்சளும் குங்குமமும் வளையலும் தானியமும் வைத்து, மற்றொரு முறத்தால் மூடி, சுமங்கலிப் பெண்களுக்குப் ‘பாகின’ வழங்குவது கன்னட நாட்டு வழக்கம். நாம் மெழுகும் பொருளை அவர்கள் மங்கலப் பொருளாக ஏந்துகிறார்கள். வேற்றூரில் வாழ்கிறோம் என்னும் எண்ணம் ஒரு முறத்தின் முன்னே எவ்வளவு மெலிந்துவிடுகிறது!

நம் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுகிறார்கள். எழுதப் படிக்க அறியார். அவர்களுக்கு அரிச்சுவடியைக் கற்பிக்கத்தான் வேண்டும். அதனோடு, கூழ் என்றும், மெழுகு என்றும், விளிம்பு என்றும், பிளாச்சு என்றும் சொல்லும்போதே அச்சொற்கள் விரலில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பாடமும் நம் வீட்டில் உண்டு. அதற்குப் பள்ளிக்கட்டணம் கிடையாது. ஒரு வாளி நீரும், பழைய நாளிதழ்கள் சிலவும், ஒரு கைப்பிடி வெந்தயமும், கவிழ்க்க ஒரு குடமும் போதும். ஆட்டுரல் இல்லாத வீட்டில் மின்னரவை இயந்திரம் இருக்கிறது. கற்பிக்கத் தெரிந்த பாட்டியோ பெரியம்மாவோ இன்னும் பல வீடுகளில் இருக்கிறார். அவரைக் கேட்பார்தாம் இல்லை.

வருகின்ற வெயிற்காலத்து ஞாயிறு ஒன்றில், ‘ஹளே பேப்பர்’ என்ற குரல் கேட்டவுடன் கட்டு முழுவதையும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம். நான்கு இதழ்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வோம். பாட்டியை நாற்காலியில் அமர்த்தி, பேரப்பிள்ளையைத் தரையில் அமர்த்தி, இருவருக்கும் நடுவே வாளியை வைப்போம். மற்றவை அவர்கள் கைகள் பார்த்துக்கொள்ளும்.